வக்கீல் செலவுக்கு 67.5 கோடி டாலர், தீர்ப்புக்கு ஒன்றுமில்லை: மெர்க் நிறுவனத்தின் வயாக்ஸ் கணக்கு

அமெரிக்க மருந்து நிறுவனமான மெர்க், 2004-ஆம் ஆண்டுக் கணக்கை 2005 தொடக்கத்தில் வெளியிட்டது. அதில் ஒரு தொகை பலருடைய கண்ணை உறுத்தியது. வயாக்ஸ் மாத்திரை தொடர்பாக வந்துகொண்டிருந்த வழக்குகளை எதிர்த்து நடத்த இனிமேல் ஆகப்போகும் செலவுக்கென்றே 67.5 கோடி டாலரை நிறுவனம் ஒதுக்கியிருந்தது. அந்த வழக்குகளில் தோற்றால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு எதுவும் ஒதுக்கவில்லை.

வக்கீல்களுக்கு இவ்வளவு, மாத்திரை சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர்களுக்கு ஒரு டாலர்கூட இல்லையா என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் கணக்கியல் கண்ணோடு பார்த்தால், இந்த இரண்டு எண்களும் ஒரே விதியிலிருந்துதான் வந்தன. முன்கூட்டிக் கணிக்கவே முடியாது என்று எல்லோரும் சொல்லும் வெளி வக்கீல் செலவை ஒரு நிறுவனம் கணித்து, கணக்கில் ஏற்றி, ஆண்டுதோறும் அந்தக் கணிப்பு எங்கே பிசகியது என்பதையும் வெளியே தெரியும்படி விட்டுவைத்திருக்கிறது. அதனால்தான் இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்தேன். வக்கீல் செலவைக் கணிக்க முடியும், எந்தத் தேதிவரை என்று எல்லை கட்டினால் மட்டும். மெர்க்கின் எண்கள் எனக்குச் சொல்வது அதைத்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோஃபெகாக்ஸிப் என்ற வலி நிவாரணி மருந்துக்கு மெர்க் வைத்த வணிகப் பெயர் வயாக்ஸ். அமெரிக்காவில் 1999 மே மாதம் அனுமதி கிடைத்தது. மூட்டுவலிக்காரர்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். 2003-இல் மட்டும் விற்பனை 250 கோடி டாலர். அந்த மருந்தைப் பதினெட்டு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் கூடுகிறது என்று ஒரு ஆய்வில் தெரியவந்ததும், 2004 செப்டம்பர் 30 அன்று உலகம் முழுவதும் வயாக்ஸைத் திரும்பப் பெறுவதாக மெர்க் அறிவித்தது. அன்று ஒரே நாளில் பங்கு விலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. (இந்தியாவிலும் ரோஃபெகாக்ஸிப் அதே ஆண்டு டிசம்பரில் தடை செய்யப்பட்டது.) அப்புறம் வழக்குகள் குவியத் தொடங்கின. கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகள் நியூ ஆர்லியன்ஸில் நீதிபதி எல்டன் ஃபாலன் முன்பு ஒன்று சேர்க்கப்பட்டன. மெர்க்கின் சொந்த மாநிலமான நியூ ஜெர்சியில் போடப்பட்ட வழக்குகள் அட்லாண்டிக் சிட்டியில் நடந்தன. மொத்தப் பொறுப்பு 5,000 கோடி டாலர் வரை போகலாம் என்றுகூட வால் ஸ்ட்ரீட்டில் பேசினார்கள்.

மெர்க் ஒரு நிலைப்பாடு எடுத்தது. சமரசம் கிடையாது, ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாக நடத்துவோம் என்பதுதான் அது. அப்போது நிறுவனத்தின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த கென்னத் ஃப்ரேசியர் (பின்னாளில் இவரே தலைமைச் செயல் அதிகாரியானார்) இதை வெளிப்படையாகவே சொல்லிவந்தார். இது சட்ட உத்தி என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். கணக்குக்கும் இதுதான் அச்சாணி.

அமெரிக்கக் கணக்கியல் தரநிலை வாரியம் 1975-இல் வெளியிட்ட ஐந்தாம் அறிக்கை, இன்று அந்த வாரியத்தின் விதித் தொகுப்பில் 450 என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. நிச்சயமில்லாத நட்டத்தை எப்போது கணக்கில் ஏற்ற வேண்டும் என்பதற்கு அது இரண்டு சோதனைகள் வைக்கிறது. நட்டம் வருவதற்கான வாய்ப்பு வலுவாக இருக்க வேண்டும். தொகையை ஓரளவு நியாயமாக மதிப்பிட முடிய வேண்டும். இரண்டும் தேறினால் இலாப நட்டக் கணக்கில் செலவாக எழுதி, இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாகக் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று தேறாவிட்டாலும், கணக்கோடு இணைக்கும் விளக்கக் குறிப்பில் சொன்னால் போதும்.

இழப்பீட்டை இந்தச் சோதனைகளில் வைத்துப் பாருங்கள். 2004 டிசம்பரில் ஒரு வழக்குகூட ஜூரி முன் போகவில்லை. குறிப்பிட்ட ஒரு மனிதருக்கு வந்த மாரடைப்புக்கு இந்த மாத்திரைதான் காரணம் என்று நிரூபிப்பது கடினம். தோற்போம் என்று சொல்ல அடிப்படை இல்லை, தோற்றால் எவ்வளவு என்று சொல்லவும் அடிப்படை இல்லை. ஆகவே ஒதுக்கு எதுவும் இல்லை.

வக்கீல் செலவின் நிலை வேறு. ஜெயித்தாலும் தோற்றாலும் அது ஆகத்தான் செய்யும். அதுவும் சமரசம் இல்லை என்று நிறுவனமே அறிவித்துவிட்ட பிறகு, அந்தச் செலவு வருமா வராதா என்ற கேள்விக்கே இடமில்லை. தொகையும் முழு இருட்டில் இல்லை. எத்தனை சட்ட நிறுவனங்களை அமர்த்தியிருக்கிறோம், எத்தனை விசாரணைகளுக்குத் தேதி குறித்திருக்கிறார்கள், ஒரு விசாரணைக்கு எத்தனை வக்கீல்கள் எத்தனை வாரம் உட்கார வேண்டும், நிபுணர் சாட்சிகள் எத்தனை பேர் என்பதெல்லாம் நிறுவனத்துக்குத் தெரிந்தவை.

ஆனால் இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழுகிறது. வக்கீல் இன்னும் செய்யாத வேலைக்கு இன்று என்ன கடன்? அடுத்த ஆண்டு வக்கீல் வாதாடப் போவது அடுத்த ஆண்டின் செலவுதானே? இந்தக் கேள்வி அமெரிக்காவில் 1990-களில் பேசப்பட்டது. 1997-இல் தரநிலை வாரியத்தின் அவசரப் பிரச்சினைக் குழுவில் இதை விவாதித்தபோது, நடைமுறையில் இரண்டு வழிகளும் இருப்பதை ஏற்றுக்கொண்டு விட்டுவிட்டார்கள். நட்டத்தோடு சேர்ந்து வரப்போகும் சட்டச் செலவை முன்கூட்டியே ஒதுக்கலாம், அல்லது சேவை கிடைக்கக் கிடைக்கச் செலவெழுதலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாறாமல் பின்பற்ற வேண்டும், தொகை பெரிதாக இருந்தால் எந்த வழி என்று வெளியே சொல்லவும் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டாவது வழியில் போகின்றன. மெர்க் முதல் வழியில் போனது. வாய்ப்பு வலுவாக இருந்து மதிப்பிடவும் முடிந்தால் சட்டச் செலவை முன்கூட்டியே ஏற்றுவது தன் கொள்கை என்று ஆண்டறிக்கையில் எழுதியும் வைத்திருந்தது.

பன்னாட்டுத் தரநிலையான ஐஏஎஸ் 37 இதில் கறாரானது. எதிர்காலத்தில் தொழில் நடத்த ஆகும் செலவுக்கு ஒதுக்கு எழுதக்கூடாது என்பது அதன் விதி. அதை ஒட்டியே அமைந்த நம் இந்தியத் தரநிலை 37-க்கும் இது பொருந்தும். ஆக மெர்க் செய்ததை அப்படியே நம் ஊர் நிறுவனம் ஒன்று செய்தால் தணிக்கையாளர் ஒத்துக்கொள்வது கடினம். கோட்பாட்டளவில் பன்னாட்டுத் தரநிலையின் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். செய்யாத வேலைக்குக் கடன் இல்லை. வழக்கை நாளைக்கே சமரசம் செய்துகொண்டால் அந்தச் செலவு வராமலே போகலாம். இருந்தும், மெர்க்கின் வழி வாசகருக்குக் கொடுத்த தகவல் இரண்டாவது வழியில் கிடைத்தே இருக்காது.

வரிசையாகப் பார்ப்போம். 2004-இன் கடைசிக் காலாண்டில் 60.4 கோடி டாலரைச் செலவாக எழுதி, ஒதுக்கை 67.5 கோடியாக உயர்த்தினார்கள். விற்பனை மற்றும் நிர்வாகச் செலவுத் தலைப்பில் அது போனது. அதற்கடுத்த ஆண்டுகளின் நடமாட்டம் இது (கோடி டாலரில்):

| ஆண்டு | தொடக்கம் | சேர்த்தது | செலவானது | முடிவு |
|---|---|---|---|---|
| 2005 | 67.5 | 29.5 | 28.5 | 68.5 |
| 2006 | 68.5 | 67.3 | 50.0 | 85.8 |
| 2007 | 85.8 | 28.0 | 61.6 | 52.2 |
| 2008 | 52.2 | 6.2 | 30.5 | 27.9 |

இந்த அட்டவணையை முதல்முறை பார்ப்பவர்கள், முதல் கணிப்பு தவறாகிவிட்டது, அதனால்தான் ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போனார்கள் என்ற முடிவுக்குத்தான் வருவார்கள். அது சரியில்லை. ஒவ்வொரு ஒதுக்குக்கும் ஒரு காலக்கெடு இருந்தது. 2004 முடிவில் வைத்த 67.5 கோடி, 2006 முடியும்வரை ஆகும் செலவுக்கான மதிப்பு. 2005 முடிவில் வைத்த 68.5 கோடி, 2007 முடியும்வரை. 2006 முடிவில் வைத்த 85.8 கோடி, 2008 முடியும்வரை. அதற்கு மேல் நியாயமாக மதிப்பிட முடியாது என்று நிறுவனமே எழுதியது. விசாரணைகள் நடக்கவிருக்கின்றன, அவற்றின் முடிவு தெரியாது, ஆகவே அந்தத் தேதிக்கு அப்பால் எங்களால் பார்க்க முடியவில்லை என்பதுதான் அந்த விளக்கத்தின் சாரம். அடுத்த ஆண்டு வரும்போது ஒரு ஆண்டு கழிந்திருக்கும், கெடுவும் ஒரு ஆண்டு தள்ளிப்போகும். கூட்டிய தொகையில் ஒரு பெரும் பகுதி அந்தப் புதிய ஆண்டுக்கானது.

கெடுவை வைத்துக் கணிப்பைச் சோதித்தால் வேறு படம் கிடைக்கிறது. முதல் கணிப்பு 67.5 கோடி. 2005, 2006 இரண்டு ஆண்டிலும் உண்மையில் ஆனது 78.5 கோடி. வித்தியாசம் 11 கோடி, கணிப்பைவிட 16 சதவீதம் அதிகம். ஒரு விசாரணைகூட நடக்காத நேரத்தில் போட்ட கணிப்புக்கு இது மோசமே இல்லை. புதுக் கட்டடம் கட்டுகிறவர்கள்கூட மதிப்பீட்டைத் தாண்டி இதைவிட அதிகம் செலவழிப்பதுண்டு.

இரண்டாவது கணிப்பில்தான் சறுக்கினார்கள். 2005 முடிவில் 2006, 2007 ஆண்டுகளுக்கென வைத்தது 68.5 கோடி. உண்மையில் ஆனது 111.6 கோடி. 63 சதவீதம் அதிகம். கவனியுங்கள், இந்தக் கணிப்பைப் போடும்போது கையில் தகவல் கூடுதலாக இருந்தது. ஓர் ஆண்டு முழுக்கச் செலவழித்த அனுபவம் இருந்தது, விசாரணைகளும் நடக்கத் தொடங்கிவிட்டன. அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு பிசகியது?

விடை வழக்குகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 2005 முடிவில் சுமார் 9,650 வழக்குகள். 2006 முடிவில் சுமார் 27,400. பல மாநிலங்களில் இப்படிப்பட்ட வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் காலவரம்பு. மருந்தைத் திரும்பப் பெற்ற நாளிலிருந்து எண்ணினால் 2006 செப்டம்பர் 30 அன்று அது முடிகிறது. அந்தத் தேதிக்கு முன் வழக்குகள் கொட்டின. மூன்றாம் காலாண்டில் மட்டும் 59.8 கோடியை ஒதுக்கில் சேர்க்க வேண்டிவந்தது, நான்காம் காலாண்டில் இன்னொரு 7.5 கோடி. வக்கீலின் மணிக்கட்டணம் திடீரென மூன்று மடங்கு ஆகவில்லை. ஒரு விசாரணையை நடத்த ஆகும் செலவும் பெரிதாக மாறியிருக்காது. எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் கைக்கு அடங்கவில்லை.

கணிக்க முடியாத சட்டச் செலவு என்று சொல்லும்போது நாம் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு வழக்கு ஒரு கட்டத்தைத் தாண்ட என்ன ஆகும் என்பது ஓரளவு தெரியும். ஆவணங்களைத் தேடிக் கொடுப்பது, சாட்சிகளை முன்கூட்டி விசாரிப்பது, நிபுணர் அறிக்கை, ஜூரி முன் விசாரணை, மேல்முறையீடு என்று ஒவ்வொன்றுக்கும் அனுபவமுள்ள சட்ட நிறுவனம் ஒரு வரம்பு சொல்லும். எத்தனை வழக்கு வரும், எந்தக் கட்டம்வரை போகும் என்பதுதான் தெரியாது. முதலாவதற்கு ஒரு மதிப்பு போடலாம். இரண்டாவதை அனுமானமாக வெளியே எழுதிவைத்து, மாறும்போது திருத்த வேண்டும். மெர்க் தன் குறிப்பில் இந்த அனுமானங்களைப் பட்டியலிட்டது: அதுவரை ஆன உண்மைச் செலவு, வழக்குகளின் எண்ணிக்கை, முடிந்த விசாரணைகளின் செலவும் முடிவும், வரவிருக்கும் விசாரணைகளின் காலம், தன் பாதுகாப்பு உத்தி எப்படி வளர்ந்திருக்கிறது என்பது. இரண்டாவது கணிப்பிலிருந்து இந்தத் தொகையைக் குறைந்தபட்சத் தொகை என்றே எழுதத் தொடங்கினார்கள். அந்த ஒரு சொல்லைத் தவறவிட்ட வாசகர் 2006-இல் அதிர்ந்துபோயிருப்பார்.

மூன்றாவது கணிப்பு 85.8 கோடி. 2007, 2008 இரண்டிலும் ஆனது 92.1 கோடி. ஏழு சதவீத வித்தியாசம்தான். ஆனால் இதைத் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நடுவில் சமரசம் வந்ததால் செலவு குறைந்தது.

சமரசத்துக்கு வருவதற்கு முன் ஜூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தீர்ப்பு 2005 ஆகஸ்ட் 19 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஆங்கிள்டன் நகரில் வந்தது. ஜூரி 25.34 கோடி டாலர் தரச் சொன்னது. மாநிலச் சட்டத்தின் மேல்வரம்பால் அது 2.6 கோடியளவுக்குச் சுருங்கும் என்பது அன்றே தெரியும். 2008-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பே தள்ளுபடியானது. அதன் பிறகு நடந்த விசாரணைகளில் பெரும்பாலானவற்றில் மெர்க் ஜெயித்தது. முதல் தீர்ப்பைப் பார்த்ததும் இழப்பீட்டுக்கு ஒதுக்கு வைத்திருந்தால் அந்த எண் பெரிய பொய்யாக முடிந்திருக்கும். இந்த இடத்தில் மெர்க் கலங்காமல் நின்றது சரி என்றே படுகிறது. இதில் வேறொரு பயனும் உண்டு. இழப்பீட்டுக்கு ஒரு தொகையை ஒதுக்கினால் எதிர்த்தரப்பு வக்கீலும் அதைப் படிப்பார். சமரசப் பேச்சில் அந்த எண்ணிலிருந்துதான் ஆரம்பிப்பார். வக்கீல் செலவு ஒதுக்கு அப்படியில்லை, கடைசிவரை சண்டை போடப் பணம் எடுத்துவைத்திருக்கிறோம் என்றுதான் அது எதிர்த்தரப்பிடம் சொல்கிறது. நடக்கும் வழக்குகளைப் பற்றித் தணிக்கையாளருக்கு வக்கீல்கள் எழுதும் கடிதம் எப்போதும் ஏன் இவ்வளவு அளந்து எழுதப்படுகிறது என்பதும் இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

2007 நவம்பர் 9 அன்று 485 கோடி டாலர் சமரசத்தை மெர்க் அறிவித்தது. மாரடைப்புக் கோரிக்கைகளுக்கு 400 கோடி, பக்கவாதக் கோரிக்கைகளுக்கு 85 கோடி. சமரசம் கையெழுத்தான அந்தக் காலாண்டிலேயே இழப்பீட்டுத் தொகை முழுவதும் கணக்கில் ஏறியது. ஆண்டு முடிவில் மொத்த ஒதுக்கு 537.2 கோடி, அதில் வக்கீல் செலவுக்கானது 52.2 கோடி. சமரசம் ஆன பிறகும் இவ்வளவு மீதி ஏன் என்று கேட்கலாம். சமரசத்துக்குள் வராத வழக்குகள் இருந்தன. பங்குதாரர்கள் போட்டவை, அரசு விசாரணைகள், வெளிநாட்டு வழக்குகள் எல்லாம் இன்னும் நடந்துகொண்டிருந்தன. அமெரிக்க நீதித்துறையோடு 95 கோடி டாலரில் முடிந்தது 2011-இல்தான். பங்குதாரர் வழக்கு 83 கோடி டாலருக்குச் சமரசமானது 2016-இல்.

இனி மெர்க்கின் வழியில் எனக்கிருக்கும் குறை. இலாப நட்டக் கணக்கை மட்டும் படிக்கிறவருக்கு 2007-இல் வயாக்ஸ் வக்கீல் செலவு 28 கோடி என்றுதான் தெரியும். கையிலிருந்து போனது 61.6 கோடி. 2006-இல் இதற்கு நேர்மாறு: கணக்கில் 67.3, கையிலிருந்து 50. சேவை கிடைக்கும்போது செலவெழுதும் வழியில் போயிருந்தால் 28.5, 50, 61.6 என்று படிப்படியாக ஏறும் உண்மையான பாரம் தெரிந்திருக்கும். ஒதுக்கு முறை அந்தப் படிக்கட்டை மேடும் பள்ளமுமாக மாற்றிவிட்டது. இன்னொன்று, முதல் பெரிய தொகை 2004-இன் கடைசிக் காலாண்டில் விழுந்தது. மருந்தைத் திரும்பப் பெற்றதால் ஏற்கெனவே கெட்டுப்போன ஆண்டு அது. கெட்ட ஆண்டிலேயே இன்னும் கொஞ்சம் சுமையை இறக்கிவிட்டால் வரும் ஆண்டுகள் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்ற ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரக்கூடியது. மெர்க் அந்த நோக்கத்தோடு செய்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. பின்னாளில் ஒதுக்கு மிஞ்சி, அதை இலாபத்தில் திருப்பியெழுதி மகிழவும் இல்லை, மேலும் மேலும் சேர்க்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் இதே உரிமை கட்டுப்பாடில்லாத கைகளுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை யோசித்துத்தான் பன்னாட்டுத் தரநிலை கதவைச் சாத்தியது.

காப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். விற்ற பொருளால் வரும் பாதிப்புக்கான பொறுப்புக் காப்பீடு மெர்க்கிடம் இருந்தது, மெர்க்கே ஏற்க வேண்டிய பங்கு போகச் சுமார் 63 கோடி டாலர் வரை. காப்பீட்டு நிறுவனங்களோ பொறுப்பை மறுத்தன. இப்படிப்பட்ட நிலையில் வரப்போகும் காப்பீட்டுப் பணத்தைச் செலவிலிருந்து கழித்துக் காட்டக் கூடாது. எதிர்த்தரப்பு மறுக்கும் தொகையைச் சொத்தாக ஏற்றவும் பொதுவாக முடியாது. நம் ஊரில் சிறு நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகின்றன. "இன்ஷூரன்ஸ் இருக்கு, அது பாத்துக்கும்" என்று சொல்லி வக்கீல் பில்லைச் செலவாக எழுதாமல், பெறவேண்டிய தொகையாக நிறுத்திவைப்பதுண்டு. கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் எழுத்தில் ஏற்றுக்கொள்ளும்வரை அது செலவுதான்.

மெர்க் அளவுக்கு இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு நாலைந்து வழக்கு நடத்தும் நடுத்தர நிறுவனத்துக்கு இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. முதலில், விருப்பத்துக்கு இடமே இல்லாத ஒரு பகுதி உண்டு. வக்கீல் மார்ச் மாதம் வாதாடிவிட்டார், பில் ஜூனில் வருகிறது. அந்த வேலை மார்ச்சிலேயே முடிந்துவிட்டதால் அது மார்ச் மாதக் கடன். கொடுபட வேண்டிய செலவாக அந்த ஆண்டுக் கணக்கிலேயே ஏற வேண்டும். இதில் அமெரிக்கத் தரநிலை, பன்னாட்டுத் தரநிலை என்ற பேதம் கிடையாது. நடைமுறையில் பெரும்பாலான பிசகு எதிர்காலத்தைக் கணிப்பதில் வருவதில்லை, இங்கேதான் வருகிறது. சீனியர் வக்கீல் பில் அனுப்ப மறந்திருப்பார், கணக்குப் பிரிவு கேட்க மறந்திருக்கும். இரண்டு ஆண்டு பில்கள் ஒன்றாக வந்து விழும்போது மேலாளர் "சட்டச் செலவைக் கணிக்கவே முடியல" என்பார். அது கணிப்புப் பிரச்சினை இல்லை. மாதக் கடைசியில் ஒரு தொலைபேசி அழைப்பு, இந்த மாதம் எந்தெந்த வழக்கில் எத்தனை வாய்தா, தயாரித்த மனுக்கள் என்ன, தோராயமாக எவ்வளவு என்ற ஒரு மின்னஞ்சல், இவை போதும். மதிப்பீட்டுக்கும் உண்மைப் பில்லுக்கும் சிறு வித்தியாசம் வந்தால் அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: வக்கீல் பெயரில் வரவு வைத்தாலே டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கும் கடமை வந்துவிடும், பணம் கொடுக்கும்வரை அது காத்திருக்காது. ஜிஎஸ்டியிலும் வக்கீல் சேவைக்கு வரி கட்டும் பொறுப்பு பெரும்பாலும் சேவை பெறும் நிறுவனத்தின் மேல்தான் விழுகிறது. பில் தொகையோடு அதையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

எதிர்காலப் பகுதியைக் கணக்கில் ஏற்ற நம் தரநிலை இடம் கொடுக்காவிட்டாலும், நிர்வாக பட்ஜெட்டில் ஏற்ற யாரும் தடுக்கவில்லை. அங்கே மெர்க்கின் முறை அப்படியே உதவும். ஒரு வழக்குக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று வக்கீலைக் கேட்டால் அவரால் சொல்ல முடியாது, அதற்காக அவரைக் குறைசொல்லவும் முடியாது. அடுத்த மார்ச் வரை இந்த வழக்கு எந்தக் கட்டத்துக்குப் போகும், அந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் சொல்வார். அந்தக் கெடுவையும், எந்த அனுமானத்தில் சொன்னார் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தால், ஆண்டு முடிவில் தவறு எங்கே நடந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். கட்டணமா, கட்டமா, வழக்குகளின் எண்ணிக்கையா? மூன்றில் எது என்று தெரியாமல் அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பத்து சதவீதம் கூட்டிப்போடுவது எந்தப் பயனும் தராது.

எல்லா வக்கீல் கட்டணமும் செலவுத் தலைப்புக்குப் போகாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிலம் வாங்கும்போது பத்திரம் சரிபார்க்கக் கொடுத்த கட்டணம் நிலத்தின் விலையோடு சேரும். கடன் வாங்க ஆவணம் எழுதக் கொடுத்தது கடனின் காலம் முழுக்கப் பரவும். இன்னொரு நிறுவனத்தையே வாங்கும்போது கொடுத்ததோ, இந்தியத் தரநிலை 103-இன்படி உடனே செலவாகிவிடும். பில்லைக் கையில் எடுத்ததும் தொகையைப் பார்க்கும் முன், இது எதற்கான வேலை என்று பார்க்க வேண்டியது அதனால்தான்.

மெர்க்கின் குறிப்புகளில் இல்லாத ஒன்றுக்காக நான் இன்னும் வருத்தப்படுகிறேன். வக்கீல் செலவை அவர்கள் எப்போதும் ஒரே மொத்தத் தொகையாகவே காட்டினார்கள். 2007-இன் 61.6 கோடியில் ஜூரி விசாரணைகளுக்கு எவ்வளவு, மேல்முறையீட்டுக்கு எவ்வளவு, பங்குதாரர் வழக்குகளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக வெளியில் தெரியாது. எதிர்த்தரப்புக்குத் தெரியக் கூடாதென்ற காரணம் வழக்கு நடக்கும்போது நியாயமானது. 485 கோடி சமரசத்துக்குப் பிறகு, தனிநபர் வழக்குகளுக்காக அதுவரை ஆன செலவையாவது பிரித்துக் காட்டியிருக்கலாம். அப்படிக் காட்டியிருந்தால், தனித்தனியாக நின்று சண்டை போட்ட மூன்று ஆண்டுகளுக்கு மெர்க் என்ன விலை கொடுத்தது, அந்தச் சண்டையால் சமரசத் தொகை எவ்வளவு குறைந்தது என்ற இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க பங்குதாரர்களுக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.